ஒன்பது டெசிபெல்

கன்டெய்னரிலிருந்து இறங்கிய எல்.இ.டி. விளக்குகளில் ஒன்றைப் பிரித்ததுமே ஹரிப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. மின்காந்த இரைச்சலை அடக்கும் செம்புச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி. விளக்கைப் போட்டால் பக்கத்து ரேடியோ கரகரத்தது.

சிட்னி, பிளாக்டவுன் கிடங்கின் முதலாளி சிறிதரன் அலட்டிக்கொள்ளவில்லை. "பாஸ் ரிப்போர்ட் இருக்குதானே பிள்ளை?"

"அது அவங்க முதல்ல அனுப்பின சாம்பிளுக்கு, அண்ணா. இது வேற சரக்கு."

அவளே ஒரு விளக்கைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. தரநிலை அனுமதிக்கும் வரம்பைவிட மின்காந்த இரைச்சல் ஒன்பது டெசிபெல் அதிகம். இனி மறுபேச்சுக்கே இடமில்லை என்ற நிம்மதியோடு அதை அவர் மேசையில் வைத்தாள்.

சிறிதரன் படித்தார். மடித்தார். இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"அண்ணா, அது ஃபெயில்!"

"ஓம், வாசிச்சனான். என்ர ரிப்போர்ட், லாப்காரன் ஆருக்கும் சொல்லமாட்டான். சட்டத்தில ஒரு டெசிபெல் கணக்கும் இல்லை. தரநிலையைப் பார் எண்டு மட்டும்தான் கிடக்கு. பார்த்தனாங்கள், சரி எண்டு நாங்களே எழுதிக் கையெழுத்து வைக்கிறது. ஆதாரத்துக்குப் பழைய ரிப்போர்ட்டே போதும்."

"யாராவது புகார் பண்ணா?"

"றேடியோ கரகரத்தா சனம் றேடியோவைத்தான் மாத்தும்." சரக்கு தரநிலைக்கு உட்பட்டது என்று உறுதி சொல்லும் பிரகடனப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "நீர்தானே இஞ்ச என்ஜினியர். கையெழுத்தை வையும்."

"மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அவள் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் பி.ஆர். பரிந்துரை. முதலாளி கையொப்பம் மட்டும் காலி.

"விசா முடிய எத்தினை கிழமை?"

"ஆறு வாரம்."

"இதில நானும் மாட்டன் எண்டா?"

கணவன் ஜெகதீஷும், போன மாதம்தான் வெஸ்ட்மீடில் பள்ளிக்குப் போகத் தொடங்கிய மகள் வர்ஷாவும் இந்த நாட்டில் இருப்பதே அவளுடைய விசாவில்தான். ஹரிப்பிரியா பேனாவை எடுத்தாள். பழைய ரிப்போர்ட் எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

சிறிதரன் அதை இரண்டு தரம் சரிபார்த்து, கோப்பில் வைத்தார். மடிக்கணினியை மூடினார்.

"அண்ணா, என் ஃபார்ம்?"

"பாப்பம். இன்னும் ரெண்டு கிழமையில அடுத்த கன்டெய்னர் வருது. அதையும் முடிச்சுப் போட்டுச் செய்வம்."

"அதுலயும் சுருள் இருக்காதா?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே என்ஜினியர்."

அடுத்த படிவத்தில் எழுதுவதற்காக, வரப்போகும் விளக்குகளின் மாடல் எண் என்னவென்று கேட்டு எழுதிக்கொண்டாள்.