சுண்டுவைத் தேடி வந்த சுண்டுகள்

தேர்வு முடிவு வந்த அன்று மதியம், கண்ணாடிக் கடைக்காரரின் மகள் நாற்பது வயதுப் பல் டாக்டராக வீட்டு வாசலில் வந்து நின்று, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். அந்த மகளுக்கு அப்போது பதினேழு வயதுதான். உள்ளறையில் மின்விசிறியைத் தலைமாட்டுக்கு இழுத்து வைத்துக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாள் என்று அவளுக்குச் சுண்டு என்று பெயர் விழுந்திருந்தது. பிற்பாடு அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்தும் அந்தப் பெயர் போகவில்லை. வாசலில் நின்றவளுக்கும் இடது காதுக்குக் கீழே அதே மச்சம், பச்சைத் தண்ணீரைக்கூட ஊதிவிட்டுக் குடிக்கும் அதே பழக்கம். வெள்ளைக் கோட்டுப் பையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று இருந்தது. கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ரசப்பூச்சு மட்டம் என்றார். அன்று காலை, மதிப்பெண்ணைப் பார்த்த சந்தோஷத்தில், "நம்ம சுண்டுவப் பல் டாக்டருக்குப் படிக்க வெச்சிரலாம்" என்று சொன்னது அவர்தான். சொல்லி வாய் மூடுவதற்குள் படித்து முடித்து வந்துவிட்டாளே என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை.

வாயால் சொன்னால் ஆள் வந்துவிடும் என்பது வீட்டாருக்கு உடனே பிடிபடவில்லை. மறுநாள் சுண்டுவின் மாமா வந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஊரில் உள்ள அத்தனை பேர் வாழ்க்கைக்கும் திட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். பல் டாக்டர் எல்லாம் பழைய கதை, ஆடிட்டர்தான் இனிமேல் என்றார். அவர் செருப்பை மாட்டுவதற்குள் ஆடிட்டர் சுண்டு உள்ளே நுழைந்து, வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் அளவு வாரியாக வரிசைப்படுத்தினாள். மிரண்டுபோன மாமா பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கப்பலில்கூட இப்போது பெண்களை எடுக்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தார். தோளில் பட்டை வைத்த சட்டையோடு கப்பல் அதிகாரி வந்து சேர்ந்தாள். தரை ஆடாமல் இருப்பதால் தலை சுற்றுகிறது என்று இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விளையாட்டுக்கு வக்கீல் என்றார். வந்த வக்கீல் முதல் வேலையாக அவருடைய மதில் சுவர் அரை அடி தள்ளி நிற்கிறது என்று அவருக்கே நோட்டீஸ் கொடுத்தாள்.

சுண்டுவின் அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய குடை யாரிடம் இருக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. வீட்டிலும் அதே குரல்தான். "டேய், இனிமே இந்த வீட்டுக்குள்ள எந்த வேலையோட பேரையும் நீ எடுக்கக் கூடாது" என்று அவர் தம்பியிடம் சொன்னது எதிர்த்தெரு வரை கேட்டது. ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, தண்ணீர் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், டிவியில் செய்தி வாசித்தால் இவள் எவ்வளவு நன்றாக இருப்பாள் என்று முணுமுணுத்துவிட்டார். அன்று மாலையிலிருந்து, பால் பொங்கி வழிந்ததையும் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்ததையும் செய்தி வாசிப்பவள் தலைப்புச் செய்தியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஆட்கள் பெருகினார்கள். காலையில் குளியலறைக்கு வரிசை நின்றது. துண்டு காயவைக்கக் கொடி போதவில்லை. ஆனாலும் கடைக்காரர் மகிழ்ச்சியாகவே இருந்தார். பல் டாக்டரைக் கடைக்கு அழைத்துப் போய் வாடிக்கையாளர்களிடம் "என் பொண்ணு" என்று காட்டினார். கண்ணாடி வாங்க வந்தவர்கள் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு மேசையில் சுண்டு வழக்கமாக உட்காரும் நாற்காலி டாக்டருக்குப் போயிற்று. வந்தவர்கள் பெரியவர்கள், களைத்துப் போயிருப்பார்கள் என்று. சுண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முட்டைப் பொரியல் அவள் கைக்கு வரும்போது வெறும் மிளகுதான் மிஞ்சியிருந்தது.

அவளும் முயன்று பார்த்தாள். ஆளுக்கொரு தடவை தனியாகப் போய், "உனக்கு இது புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். பல் டாக்டர், "வாயத் தொற" என்றாள். ஆடிட்டர், இந்த மாதம் முடியட்டும், அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கப்பல் அதிகாரி கடல் பெரிது என்றாள். வக்கீல், கேள்வியே தப்பு என்றாள். செய்தி வாசிப்பவள் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அடுப்பில் ஏதோ தீய்ந்துபோக, அதை அறிவிக்க ஓடிவிட்டாள். சுண்டுவுக்கு அழுகை வந்தது. இத்தனை பேராக இருந்தும் தன்னோடு பேச ஓர் ஆள் இல்லையே என்று இருந்தது. வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் வந்தவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதனால் அவள் காலையில் எழுந்ததும் பேருந்து நிலையத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஒரு டிக்கெட் பரிசோதகர் இருந்தார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அது நடக்கும்போது கீச்சிடும்; அறிவிப்பு அறைப் பக்கம் அவர் வந்தால் அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் ஏறி, ஏதோ வண்டி பிரேக் போடுகிறது என்று பயணிகள் விலகி நிற்பார்கள். ஒருநாள் அந்தச் செயற்கைக் காலைச் சரிபார்க்கக் கிளம்பியவரோடு சுண்டு சும்மா கூடப் போனாள். நிலையத்துக்கு எதிரே, மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது அந்தப் பட்டறை. சுவர் முழுக்கக் கால்களும் கைகளும் தொங்கின. முழங்கை வரை மாவுக்கட்டு மாவு படிந்த ஒரு பெண், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறாயே, நிற்பதற்கு இதையாவது தேய் என்று சொல்லி, அவள் கையில் ஓர் அச்சையும் அரத்தையும் கொடுத்தாள். சுண்டு தேய்த்தாள். எங்கே அழுத்தினால் வலிக்கும், எங்கே அழுத்தினால் தாங்கும் என்று பரிசோதகர் தன் முழங்காலின் அடியைத் தொட்டுச் சொல்லச் சொல்ல, இன்னும் தேய்த்தாள். சாயங்காலம் அவர் கீச்சிடாமல் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார். சுண்டு அன்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டிருந்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, சுண்டு என்று கூப்பிட்டால்தான் நாலைந்து பேர் "என்ன?" என்று கேட்டார்களே.

விண்ணப்பம் போடக் கடைசி வாரம் நெருங்கியபோது பள்ளியிலிருந்து மேல்படிப்பு ஆலோசனை டீச்சர் வந்தார். கூடத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் பதறவில்லை. "உங்க வீடு பரவால்ல சார். போன வருஷம் ஒரு வீட்டுல கூட்டம் தாங்காம மாடியே இறங்கிருச்சு" என்றபடி டீயை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினார். டீச்சர் எல்லோரிடமும் மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு, "சரி, பொண்ணு எங்க?" என்றார். இவங்கதானே என்று கடைக்காரர் கையைக் காட்டினார். "இவங்க இல்ல சார். என்கிட்ட படிச்ச பொண்ணு."

மாடிப்படியில் தேடினார்கள், உள்ளறையில் தேடினார்கள். அவள் கட்டிலில் மூன்று பெட்டிகளும் ஒரு வக்கீல் கோட்டும் கிடந்தன. நேற்று அவள் சாப்பிட்டாளா என்பதுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

விஷயம் பேருந்து நிலையத்துக்குப் போனது. அம்மா ஒலிவாங்கியை இழுத்துப் பிடித்தார். இத்தனை வருட வேலையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் குரல் உடைந்ததைப் பயணிகள் கேட்டார்கள். "பயணிகள் கவனத்திற்கு. பதினேழு வயசு. ஒல்லி. பேரு சுண்டு. சுண்டு, எங்கடி இருக்க? அம்மா உன்ன கவனிக்காம இருந்துட்டேன். வந்துரு." உடனே பல் டாக்டர், ஆடிட்டர், கப்பல் அதிகாரி, வக்கீல் என்று அத்தனை பேரும் மூச்சிரைக்க நிலையத்துக்கு ஓடிவந்து அறை வாசலில் நின்றார்கள், அவர்களுக்கும் அதுதானே பெயர். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நீ இல்லை, நீ இல்லை என்று விலக்கிக்கொண்டே வந்தார். கடைசியாக ரோட்டைத் தாண்டி, கையெல்லாம் வெள்ளை மாவோடு, இத்தனை களேபரம் எதற்கு என்று புரியாமல் ஓர் ஒல்லிப் பெண் வந்தாள். அம்மா அறையை விட்டு வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்டார். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டதால் அவர் அழுதது எல்லா மேடைகளிலும் கேட்டது. கிளம்ப வேண்டிய வண்டிகள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பின. யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டில் டீச்சர் இன்னும் காத்திருந்தார். சுண்டுவை எதிரே நிறுத்தி, "நீ என்னம்மா படிக்கணும்னு நினைக்கிற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. சுண்டு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "செயற்கைக் கால் செய்யப் படிக்கணும் டீச்சர்" என்றாள்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். மாமா எழுந்து போய்க் கதவைத் திறந்தே வைத்தார். ஒரு சைக்கிள் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் தன் மதிலை அளந்துகொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை. கடைக்காரரின் முகம் சுருங்கியது. "ஆள் வரலையே. அப்ப இது நடக்காதோ?" என்றார். "இன்னும் யார் வரணும்? நான்தான் வந்துட்டேனேப்பா" என்றாள் சுண்டு. கடைக்காரர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடி வெட்டும்போது கோடு போடுவதற்கு முன் அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு பல் டாக்டரிடம் திரும்பி, "எந்திரிம்மா, பிள்ள உக்காரட்டும்" என்றார்.

அது ஒன்றும் சுலபமாக முடியவில்லை. பட்டயப் படிப்பு வேறு ஊரில், மூன்று வருடம். இயற்பியலில் அவளுக்கு மதிப்பெண் குறைவு. டீச்சர் வழி சொன்னார்: ஒரு வருடம் பட்டறையில் உதவியாளாக இருந்துகொண்டே இயற்பியலைத் திரும்ப எழுது, விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்குப் போடு. ஒரு வருடம் வீணா என்று மாமா ஆரம்பித்தபோது அம்மா பார்த்த பார்வையில் அவர் டீயை எடுத்துக் குடித்துக்கொண்டார். வந்தவர்கள் போகவில்லை, ஆனால் வேலைக்கு உதவினார்கள். ஆடிட்டர் உதவித்தொகைக்கு வழி கண்டுபிடித்தாள். வக்கீல் விடுதி விதிகளைப் படித்து, பன்னிரண்டாவது விதி செல்லாது என்றாள். நேர்முகத் தேர்வுக்கு எப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று செய்தி வாசிப்பவள் சொல்லிக்கொடுத்தாள். இடம் கிடைத்து, மறு வருடம் ஊருக்குக் கிளம்பும் அன்று கப்பல் அதிகாரி பெட்டியில் போட்ட முடிச்சை விடுதியில் ஒருவராலும் அவிழ்க்க முடியாமல் கடைசியில் கயிற்றை வெட்ட வேண்டியதாயிற்று.

பிறகு வருடங்கள் ஓடின. கப்பல் அதிகாரி ஒரு கப்பலில் ஏறிப் போனாள். ஆடிட்டர் மாமாவின் அலுவலகத்தைச் சீர்செய்து, அவரையும் ஓரளவு சீர்செய்தாள். செய்தி வாசிப்பவளை அம்மா தன் வேலைக்குச் சிபாரிசு செய்துவிட்டு ஓய்வு பெற்றார். வக்கீலுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. பல் டாக்டர் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்தாள். சுண்டு படித்து முடித்துத் திரும்பி, எதிர்த்தெருவில் தனியாகப் பட்டறை போட்டாள். வந்த நாளிலிருந்து பல் டாக்டருக்கு வயது ஏறவே இல்லை. சுண்டுவுக்கும் நாற்பது ஆனபோது இரண்டு பேரையும் பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. கன்னம் வீங்கியவர்கள் பட்டறைக்குள் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். சுண்டு செய்துகொண்டிருந்த பாதத்தைக் கீழே வைத்துவிட்டு, அது மாடியில் என்று சொல்லி அனுப்புவாள். உங்க அக்காவா என்று சிலர் கேட்டார்கள். "இல்லங்க, அவங்களும் நான்தான். அவங்க எங்கப்பா சொன்ன ஆளு" என்பாள். கேட்டவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, மாடியில் எத்தனை மணி வரைக்கும் பார்ப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.