பலகை ஜில்லுன்னு இருந்துச்சா?

எக்ஸ்ரே அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆளை உள்ளே விடுவது என் வேலை. உள்ளே படம் எடுத்தவன் என் மருமகன். படத்துக்கு நெஞ்சை ஒட்டவைத்து நிற்கிற பலகை ஐஸ்கட்டியாக இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் முன்னால் இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்துச் சூடு பண்ணிவிட்டுத்தான் "வாங்க" என்பான். மூச்சை அடக்கச் சொல்லிவிட்டுத் தானும் அடக்கிக்கொள்வான்.

"உங்களுக்குமா படம், மாப்ள?" என்று கேட்டிருக்கிறேன்.

"தனியா அடக்குனா பயமா இருக்கும் மாமா."

இவ்வளவு நல்லவன் எதையோ மறைக்கிறான் என்று இரண்டு வருஷம் வேவு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நாற்பத்தாறு வயதில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தான்.

அவன் இடத்துக்கு வந்த பெண் பலகையைத் தொடுவதில்லை. பட்டனைத் தட்டுவதோடு சரி. எல்லோரும் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு தையல்காரர் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பலகை வெதுவெதுன்னு இருக்கே. உங்க மருமகன் கை வச்ச மாதிரியே."

ஒன்பதாம் நாள் அவர் செத்தார்.

ஒயரில் கோளாறு என்று எலெக்ட்ரீஷியனை இழுத்து வந்தேன். கை வைத்துப் பார்த்தான். "ஜில்லுன்னுதான் இருக்கு பெருசு. உனக்குத்தான் மண்டையில சூடு ஏறிடுச்சு."

அதற்குப் பிறகு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் கேட்டேன்: "பலகை ஜில்லுன்னு இருந்துச்சா?" ஆமாம் என்றவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு போய், அடுத்த மாதம் என்னிடமே வந்து வம்பு பேசினார்கள். இல்லை என்றவர்கள் மூன்று பேர். மூவரும் திரும்பி வரவில்லை.

நேற்றுக் காலை என் மகள் வந்தாள். அவன் பெண்டாட்டி. மூன்று வாரமாக விடாத இருமல்.

"படமெல்லாம் வேணாம், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

"டாக்டர் எழுதிட்டாருப்பா. நீங்க என்ன அவருக்கு மேலயா?" என்று உள்ளே போனாள்.

ஊரையே கேட்ட வாய், அவள் வெளியே வந்தபோது திறக்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனதிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு.

"அப்பா."

"வீட்டுக்குப் போ."

"படம் சரியா விழலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கப்பா. இன்னொரு தடவை நிக்கிறேன்."

ஸ்டூலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

"அடுத்த ஆள் இருக்கு" என்றேன்.

வரிசையில் யாரும் இல்லை.