வாங்கினதுதான்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் கால் இடறிப் பிறந்தது. 'வாங்கு' என்ற சொல். கடையில் விலைக்கு வாங்கினாலும் வாங்கியதுதான். பக்கத்து வீட்டில் குடையை இரவல் வாங்கினாலும் வாங்கியதுதான். இதில் ஆபத்து இருக்கிறதென்று யாருக்குத் தோன்றும்?

2

முதல் தொடக்கம்: "அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒற்றுப்பிழை ஒன்று தப்பினாலும் அவளுக்குச் சோறு இறங்காது." (பெருமை கொஞ்சம் தூக்கல். இருக்கட்டும், உடைபடத்தான் போகிறது.)

இரண்டாவது: "அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர் கண்ணெதிரே லிப்ட் குழிக்குள் விழுந்த அன்றிலிருந்து

முடிக்க வரவில்லை. ஏழு மாதமாக அவர் வாய் திறப்பது டிவிக்கு முன்னால் மட்டும்தான். ஒரு கேமில் மலைமேல் ஊர் கட்டுகிறார். "இந்தப் பாலம் தாங்குமா? ம்... தாங்கும், தாங்கும்" என்று அந்த ஊர்க்காரர்களிடம் பேசுவார். அவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

3

போன வாரம், கேம் ஆடும் கன்சோலின் சந்தா முடியப்போகிறது என்று டிவியில் அறிவிப்பு வந்தது.

"என்னங்க, இந்த கேமெல்லாம் நாம வாங்கினதுதானே?"

"வாங்கினதுதான்." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

வாங்கினதற்கு எதற்குச் சந்தா? நிறுத்திவிட்டாள்.

சற்றுமுன் அவர் குளிக்கப் போனதும் டிவியைப் போட்டாள். மலை ஊரின் படத்தின்மேல் ஒரு பூட்டு. விலைக்கு வாங்கியவை எல்லாம் திறந்தன. இது சந்தாவோடு சும்மா வந்ததாம். சந்தா போனால் இதுவும் போய்விடுமாம். அவசரமாக மறுபடி சந்தா கட்டினாள். திரையில் வட்டம் சுற்றுகிறது.

4

முடிவு ஒன்று: பூட்டு திறக்கிறது. [எழுதினேன், அடித்தேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது.]

முடிவு இரண்டு: "பரவால்லம்மா, விடு" என்கிறார். [இப்படிப் பேசுகிறவராக இருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்?]

முடிவு மூன்று: பூட்டைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. நாளையும் ஒன்றும்

(மேலே 'நான்' என்று எழுதிவிட்டேனா? சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது. பயத்தில்தான் இவ்வளவு நேரம் 'அவள்' என்று எழுதினேன். இந்த வீடு இனி ஒரேயடியாக ஊமையாகிவிடுமோ என்ற பயம்.)

5

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றுகிறது. தாழ்ப்பாளை நீக்குகிறார்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். ஓர் உபகாரம் செய்யுங்கள். டிவியை மறைத்துக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கள். அவர் வந்து உங்களைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டால், எனக்கு அது போதும்.