தம்பி அழித்த பதிவு

ஒரு திருகாணிக்காக அக்காவும் தம்பியும் நான்கு வருடம் பேசாமல் இருந்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்த தம்பி தையல் மெஷின் ரிப்பேர் செய்பவன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடைத் துணி தலைக்கு மேல் கிடக்கும்போது மெஷின் படக்கென்று நின்றுவிட்டது. "இதோ வரேன்" என்ற தம்பி இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அடுத்த நாள் ஆடி அசைந்து வந்த தம்பி, மெஷினைக் குனிந்து பார்த்தான். ஊசிப் பக்கத்துத் திருகாணியின் தலை நசுங்கிப் போயிருந்தது.

"இதுல யார் கை வெச்சது?"

"கை வைக்க வேண்டியவன் வரல. வந்தவன் வெச்சான்."

பையைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான். போன் கிடையாது, போக்குவரத்து கிடையாது. இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் மட்டும் அப்படியே ஒரே அச்சு.

பிறகு ஒரு நாள் பஸ் டிரைவரான அவள் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து சேதி கொண்டுவந்தார். "உன் தம்பி இன்டர்நெட்ல எழுதுறானாம். மெஷினைப் பத்தித்தான். படிச்சவங்க எல்லாம் ஆகா ஓகோங்கிறாங்க."

"எழுதட்டும். எனக்கென்ன வந்தது?" என்ற அக்கா, அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்துத் தேடினாள்.

படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நூல் அறுந்தால் எல்லோரும் ஊசியைத் திட்டுகிறார்கள். அது பாவம், என்ன செய்யும்? அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சை முதலில் துடையுங்கள். அதற்கு அப்புறமும் அறுந்தால் ஊசியைத் திட்டுங்கள்" என்று எழுதியிருந்தான். வாயைத் திறந்தால் சிடுசிடு என்று விழுகிற பயலா இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு தெளிவாக எழுதுகிறான்? இருபது வருடமாக மிதிக்கிற மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. பெருமையாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல முடியாமல் வீம்பு தடுத்தது.

ஆனால் அவன் எப்போது எழுதுவான் என்று சொல்ல முடியாது. அக்கா நாளுக்குப் பத்து தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து ஏமாந்தாள். ஒரு தடவை அப்படிப் பார்த்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை மறந்ததில், கம்ப்யூட்டர் டீச்சர் கொடுத்திருந்த பேன்ட்டில் ஓட்டை விழுந்தது. டீச்சர் நல்லவேளையாகக் கோபப்படவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பக்கத்தோட ஓரத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு சின்னம் இருக்கு பாருங்க, அதுதான் ஃபீட். அந்த முகவரியை, நான் உங்க போன்ல ஏத்தித் தர்ற இந்த ஆப்ல ஒரு தடவை போட்டுட்டா போதும். அவர் எழுதினா அதுவா வந்து இங்க நிக்கும். நீங்க தேடிப் போக வேண்டாம்."

"நான் படிக்கிறது அவனுக்குத் தெரியுமா?"

"உங்க பேரெல்லாம் போகாதுங்க."

அதைக் கேட்டதும்தான் அக்காவுக்கு நிம்மதியானது. வீம்பும் போகாது, தம்பியும் கைக்குள் இருப்பான். இதைவிட வேறென்ன வேண்டும்?

ருசி கண்டுவிட்டாள். மின்தடை அறிவிப்பு, மழை அறிவிப்பு, பள்ளிக்கூடங்களின் அறிவிப்புப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எந்தப் பள்ளி சீருடை நிறத்தை மாற்றினாலும் கடைத்தெருவில் முதலில் தெரிவது அக்காவுக்குத்தான். "எங்க வீட்டுலயே ஒரு செய்தி ஆபீஸ் நடக்குது" என்று வீட்டுக்காரர் டிப்போவில் கிண்டல் பண்ணுவார். கிண்டலுக்குள் பெருமைதான் அதிகம். காலையில் வண்டி எடுக்கும் முன் மழை வருமா என்று அவளிடம் கேட்காமல் அவர் போனதில்லை. ஆனால் எத்தனை வந்தாலும் அவள் முதலில் திறப்பது தம்பியுடையதைத்தான். மெஷினில் என்ன கோளாறு வந்தாலும் அவன் எழுதியதைப் பார்த்து அவளே சரிசெய்தாள். வேறு எவனையும் அதைத் தொட விடவில்லை.

நான்காவது வருடம் ஒரு நாள் சாயங்காலம் கடையில் சட்டைப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பதிவு வந்தது. தலைப்பில் மெஷினே இல்லை.

"கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன். வலது கண்ணில் விழித்திரை விலகியிருக்கிறது. நாளைக் காலை ஸ்டேஷன் பக்கத்துக் கண் மருத்துவமனையில் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்கிறார்கள். செய்த பிறகு ஒரு வாரம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டுமாம். கூட ஓர் ஆள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் தோன்றவில்லை."

அக்கா தம்பியின் பக்கத்தையே திறந்து பார்த்தாள். அங்கே அப்படி ஒரு பதிவே இல்லை. பழைய பதிவுகள் எல்லாம் இருந்தன, இது மட்டும் இல்லை. ஆப்பைத் திறந்தாள், அதில் அப்படியே இருந்தது.

வேலை முடிந்து கடைக்கு வந்த வீட்டுக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "போட்டுட்டு அழிச்சிருக்கான். அழிக்கிறதுக்கு முன்னாடியே உன் ஆப் எடுத்து வெச்சிருக்கு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே அழிச்சான்? நீ போய் நின்னா எகிறுவான்."

"எகிறட்டும்."

"இத்தனை வருஷமா நீ ஒளிஞ்சு படிச்சது வெட்டவெளிச்சமாயிடுமே?"

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "அவன் கண்ணைவிட என் மானம் பெருசாங்க?"

காலையில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பி மருத்துவமனை கவுன்டரில் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். "ஃப்ரெண்டு வந்துட்டே இருக்கார். நீங்க ஆரம்பிங்க." கவுன்டர் பெண் நம்புகிற மாதிரி இல்லை. "ஆள் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள அனுப்புவோம். இல்லன்னா வேற தேதி வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

"நான் வந்துட்டேன். எங்க போடணும்?" என்றாள் அக்கா.

தம்பி திரும்பினான். ஒரு கண்ணுக்குத்தான் அவள் சரியாகத் தெரிந்திருப்பாள். அந்த ஒரு கண்ணே போதுமாக இருந்தது. அக்கா அவனைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு தடவை வழுக்கியது. உள்ளே கூட்டிப்போகும்போது அக்கா வீட்டுக்காரரான மாமாவின் கையை மட்டும் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு போனான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தப்பியது என்றார் டாக்டர். சாயங்காலம் அவனைக் குப்புறக் கிடத்தி, முகத்துக்கு நடுவில் ஓட்டை வைத்த தலையணையைக் கொடுத்தார்கள். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மாமா டீ வாங்கப் போயிருந்தார்.

"உனக்கு யாரு சொன்னா?" தரையைப் பார்த்துக் கேட்டான் தம்பி.

"நீதான் சொன்ன. எழுதினியே."

"எழுதிட்டு வெட்கமாப் போயி அரைமணி நேரத்துல அழிச்சுட்டேனே!"

"அதுக்குள்ள எனக்கு வந்துடுச்சு. ஃபீட்ல."

தம்பி கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அந்த ஃபீட்ல எத்தனை பேர் வாங்குறாங்கன்னு எனக்குக் கணக்கு தெரியும்க்கா. யாருன்னு தெரியாது, எத்தனைன்னு தெரியும்." குரல் தலையணைக்குள் அடைத்துக்கொண்டு வந்தது. "முதல் வருஷத்துலேர்ந்து ஒருத்தர்தான். எல்லாரும் பக்கத்துக்கு வந்து வேணுங்கிறதைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. இந்த ஒருத்தர் மட்டும் எப்பவும் இருந்தாங்க. அந்த ஃபீடைத் தூக்கிடு, இந்தக் காலத்துல யாரு அதுல படிக்கிறாங்கன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. நான் தூக்கல. நிறுத்திடலாம்னு எத்தனையோ தடவை தோணியிருக்கு. அந்த ஒருத்தர் பார்த்துட்டு இருப்பாங்களேன்னுதான் அடுத்ததை எழுதுவேன்."

அக்கா குனிந்தாள். தலையணை ஓட்டைக்குக் கீழே தரையில் சொட்டென்று ஒரு துளி விழுவதைப் பார்த்தாள்.

"அழாதடா! கண்ணு நனையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனார்ல?"

"நான் எங்க அழறேன்?"

"வாயை மூடிட்டுப் படு."

அவன் சொன்னபடி கேட்டான். டாக்டர் அவளுக்கு எந்தத் தடையும் சொல்லவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே அழுதாள்.