அள்ளிய சேறு

சுடர்விழியின் கல்லூரியில் ‘சமூக சேவைவழிக் கற்றல்’ என்று ஒரு பாடம். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. போன பருவத்தில் அவள் அதைக் கோட்டை விட்டாள். முகாம் நடந்த வாரம் தன் அம்மா அம்சத்தோடு அவளும் நடவுக்குப் போய்விட்டாள். குனிந்து நாற்று நட்டதெல்லாம் சேவைக் கணக்கில் வராதாம்.

இந்தத் தடவை முகாம் வலங்கைமான் பக்கத்தில், அவளுடைய தெருவிலேயே. வாய்க்கால் தூர்வாரும் வேலை. முகாமுக்கு முதல்நாள் இடம் பார்க்க வந்த பேராசிரியர் நெடுமாறனுக்கு முகம் தொங்கிப்போனது. மேட்டூர் அணை திறந்த சேதி கேட்டதுமே தெருப் பெண்கள் இறங்கி, சேற்றையும் ஆகாயத்தாமரையையும் அள்ளிக் கரையில் போட்டிருந்தார்கள். வாய்க்கால் பளிச்சென்று கிடந்தது.

“என்னம்மா இது? நாளைக்குப் பசங்க வந்து என்ன செய்வாங்க? பத்திரிகைக்காரங்களை வேற வரச் சொல்லியிருக்கேன்” என்று சுடர்விழியிடம் அலுத்துக்கொண்டவர் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் திரும்ப உள்ள தள்ளச் சொல்லு. உங்க ஜனந்தானே, நீ சொன்னா கேப்பாங்க. உன் அரியரும் முடியணுமில்ல?”

‘உங்க ஜனம்’ சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சுடர்விழி தலையாட்டினாள். ஆட்டியிருக்கக் கூடாது.

அம்மாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

“இதுல பாஸானாத்தான் பட்டமா?” என்று மட்டும் கேட்டாள் அம்சம்.

“ஆமாம்மா.”

அம்சம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள். அள்ளிய கைகளே சேற்றைத் திரும்ப வாய்க்காலில் தள்ளின.

மறுநாள் கையுறை, தொப்பி, பேனர் சகிதம் மாணவர்கள் வந்து இறங்கினார்கள். கால்வாசி அள்ளுவதற்குள் பிரியாணி வந்துவிட்டது. நெடுமாறன் மைக் பிடித்து, “சுத்தம்னா என்னன்னு இந்த மக்களுக்குக் கத்துக் குடுத்திருக்கோம்” என்று முழங்கினார். தட்டச் சொன்னதால் பெண்கள் கை தட்டினார்கள். சுடர்விழிக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

பஸ் கிளம்பும் நேரத்தில், வாய்க்காலின் தலைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகச் சேதி வந்தது. அம்சம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் இறங்கினார்கள். சுடர்விழி செருப்பைக் கழற்றினாள்.

“அட்டெண்டன்ஸ் பஸ்லதான்! ஏறாதவங்க ஆப்சென்ட்!” என்று நெடுமாறன் கத்தினார்.

அம்சம் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “ஏறுடி. அதுக்காகத்தானே தள்ளினோம்.”

சுடர்விழி ஏறினாள். பஸ் நகர்ந்தது. பேரைக் கூப்பிட்டதும், “உள்ளேன் ஐயா” என்றாள்.