நடுப்பெட்டியில் மட்டும் வந்த குரல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: டி.வி.க்கு இடப்பக்க ஸ்பீக்கரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக் கருத்தையா மாமா. வலப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி அவர் மனைவி சந்திரலேகா அத்தை. பின்சுவர் ஜன்னல்களில் ஏற்றிவைத்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, நாற்காலியில் என் அப்பா சூசைமரியான். ரிமோட்டும் விளக்கப் புத்தகமுமாகத் தரையில் நான். என் வீட்டுக்காரர் மரிய ஆனந்த் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வந்தால் எதையோ தொட்டுவிட்டார் என்று பேச்சு வரும் என்பது அவர் எண்ணம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி அருள் பிரகாஷ் கேட்டிருந்தது இந்த விவரத்தைத்தான். "நீ அத்தானுக்குப் பெண்டாட்டி. உன் சொல் மட்டும் போதாது. நாலு பேரை வைத்துப் பார்த்து, அப்பா கையெழுத்தோடு எழுது" என்று கடிதம் போட்டிருந்தான்.

விஷயம் இதுதான். தம்பி அங்கே வாங்கிய ஹோம் தியேட்டர் செட்டை, அங்கேயே வேலைக்குப் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர்தான் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். வழியில் சென்னையில் ஒரு நாள் நண்பர் வீட்டில் தங்கினார். இங்கே வந்து மாட்டிப் பார்த்தால், ஐந்து ஸ்பீக்கர்களில் டி.வி.யை ஒட்டிய நடுப்பெட்டி மட்டும்தான் பேசியது. அப்பா நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டு, "நல்லதையெல்லாம் மெட்ராஸுல வித்துப்புட்டு ஊமைப் பெட்டியக் கொண்டாந்திருக்காருடா உங்க அத்தான்" என்று சொல்லிவிட்டார். இவர் மறுபடி அங்கே வேலைக்குப் போகத் தம்பி கம்பெனியில் கொடுக்கவிருந்த பேப்பர் அதோடு நின்றுபோயிற்று.

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டுப் பெட்டி புதிதாக வந்தாலும் முதலில் ஓடுவது அம்மாவின் ஜெபமாலைக் கேசட்தான். அம்மா இறப்பதற்கு முந்தின வருஷம் ஒற்றை மைக்கில் பதிந்தது. அது முடியாமல் வேறு எதையும் போட அப்பா விடமாட்டார். இந்தச் செட்டிலும் அதைத்தான் போட்டோம். பாதி ஓடுவதற்குள் அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டு, பூத்துக்குப் போகச் செருப்பை மாட்டினார்.

தம்பியின் கடிதம் வந்தபின் விளக்கப் புத்தகத்தை முழுக்க வாசித்தபோது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்பிச் சோதிக்க ஒரு பட்டன் இருப்பது தெரிந்தது. அன்று எல்லாரையும் உட்காரவைத்து அதை அழுத்தினேன்.

"உஸ்ஸுங்குது, பாம்பு கணக்கா" என்று கருத்தையா மாமா காலை மடக்கினார். "இந்தா, நடுவுக்குப் போயிருச்சு."

"இப்ப இங்குட்டு வந்துருச்சு" என்றார் அத்தை.

அடுத்தது பின்பக்கம். அப்பாவின் முறை.

"அண்ணே, சத்தம் உங்ககிட்டதான் இருக்கு. பேச்சைக் காணோமே?" என்றார் மாமா.

"வருது" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "இரைச்சல் வந்து என்ன செய்ய? உங்க அம்மா குரலு வரலையே."

"அம்மா பேசுனது ஒத்தை மைக்குப்பா. அதுக்குப் பேரு மோனோ. இடது, வலது ரெண்டுலயும் அச்சா ஒரே சத்தம். அப்படி இருந்தா, புரோலாஜிக்குங்கிற ஏற்பாடு, ஆளு நடுவுல நின்னு பேசுறதா எடுத்துக்கிட்டு நடுப்பெட்டிக்கு அனுப்பிரும். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் பக்கத்துக்கும் பின்னாடிக்கும் பிரிச்சுக் குடுக்கும்."

"அட்டைப்பெட்டியில அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது?" என்றார் அப்பா.

"அஞ்சு ஸ்பீக்கர். புள்ளி ஒண்ணுங்கிறது சப்வூஃபர், கீழ இருக்கே அது."

கருத்தையா மாமா அந்தப் பெட்டியின் மேல் வைத்திருந்த காப்பி டம்ளரைச் சட்டென்று எடுத்தார். "இருக்கிறதுலயே பெருசு இதுதான். இதப் போயி புள்ளி ஒண்ணுங்கிறாக!"

"உறுமல் சத்தம் மட்டும்தான் அதுக்குப் பங்கு மாமா. மத்ததெல்லாம் அதுக்கு வராது."

"அப்ப டிஜிட்டல்னு போட்டிருக்கிறது?" அப்பா விடவில்லை.

"ஆறுக்கும் ஆறு தனித் தடத்துல சத்தம் வர்றது அது. அதுக்கு டி.வி.டி. பிளேயர் வேணும். நமக்கு வந்திருக்கிறது வி.சி.டி. பின்னால வாங்குனா சொருகிக்க ஓட்டை விட்டிருக்கான்."

செட்டோடு தம்பி அனுப்பியிருந்த படத்தின் வி.சி.டி.யைப் போட்டேன். அதில் மழைக்குள் ஒரு ரயில் வரும். திரையில் வண்டி கடந்து மறைந்ததும் ஊதல் சத்தம் பின்பக்கம் போயிற்று. அப்பா விருட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"பயந்துறாதீக அண்ணே. கல்லல் போற ரயிலு உங்க வீட்டு வழியா போகுது" என்றார் மாமா. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா சிரிக்கவில்லை. நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை வாங்கி அடியில் எழுதினார்: "எல்லாப் பெட்டியும் பேசுகிறது. என் காதால் கேட்டேன். நான் அவசரப்பட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் பேப்பரைக் கொடுத்துவிடு." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கருத்தையா மாமாவையும் போடச் சொன்னார். பிறகு, "பாதியில நிறுத்துன கேசட்டைப் போடு" என்றார்.

அம்மாவின் குரல் நடுப்பெட்டியிலிருந்து வந்தது. அது முடிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து ஒட்டி முகவரி எழுதினேன். சந்திரலேகா அத்தை கடைத்தெருவுக்குப் போகிறவர் என்பதால் அவரிடம் நீட்டினேன்.

"அவுககிட்ட எதுக்கு? மாப்பிள்ளைகிட்டக் குடு" என்றார் அப்பா.

இவர் படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். "வழியில கவரை மாத்திப்புட்டா என்ன செய்வீக மாமா?"

"மாத்துறதா இருந்தா மாத்துங்க. ஸ்டாம்பை மட்டும் சரியா ஒட்டுங்க. குறைஞ்சா தபாலாபீசுக்காரன் திருப்பி அனுப்பிருவான்."

இவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைய தபால் கிளம்புவதற்குள் சேர்த்துவிடச் சைக்கிளை எடுத்தார்.