பூஜ்யத்துக்கு எந்தத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு சின்னத் திருகாணியிலிருந்து வந்தது. அதைத் திருகியது யார் என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தொடக்கம்: 'கடலே இல்லாத கோவில்பட்டியில் ஒரு கடல் இருந்தது, அதில்…' வேண்டாம். இப்படி எழுதினால் நானே மேலே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: 2003, பங்குனி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் வீட்டு முன்னறையில் முந்நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. தூத்துக்குடியிலிருந்து கேன் கேனாக வந்த கடல் தண்ணீர். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். ஒன்று திங்கட்கிழமை செத்துப்போனது. மற்றது மூலையில் சாய்ந்து மூச்சு வாங்குகிறது.

இது போதும். இதையே வைத்துக்கொள்வோம்.

2

உப்பை அளக்க அங்கே இரண்டு கருவிகள். ஒன்று, தண்ணீரில் மிதக்கும் கண்ணாடிக் குழல். உப்பு கூடினால் மேலே எழும்பும். இன்னொன்று, ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைக்கும் குழாய்.* அண்ணாச்சியின் தொட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த நான், சென்னைக்குப் போன இடத்தில் வாங்கிவந்தது.

மிதவை, 'உப்பு அதிகம்' என்றது. என் குழாய், 'சரியாக முப்பத்தைந்து' என்றது; கடலில் இருக்கவேண்டிய அளவு அதுதான்.

"விலை கூடுனதத்தான் நம்பணும்" என்றார் அண்ணாச்சி. நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

(* ஒளிவிலகல்மானி என்பது முறையான பெயர். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது 'பைனாகுலர்'.)

3

அண்ணாச்சியின் மனைவி உமாதேவி மதினி தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். எங்கள் பக்கத்தில் எந்தத் தெருக் குழாய்த் தண்ணீர் என்பதை நாக்கே சொல்லிவிடும்.

"கேன்ல வந்தன்னைக்கு இம்புட்டு கரிக்கல. ஏன் தம்பி, அந்த பைனாகுலர் சரியாக் காட்டுதுன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"உப்பில்லாத தண்ணிய ஒரு சொட்டு விட்டு, உள்ள தெரியுற கோட்ட திருகாணியால பூஜ்யத்துல திருகி வச்சாச்சு மதினி."

"எந்தத் தண்ணி?"

"பின்னால இருக்கே, அந்தக் குழாயிலதான்."

"போர்த் தண்ணியா? அந்த உப்புத் தண்ணில பருப்பே வேகாதே!"

இந்த இடத்தில் திருகாணியைத் திருகியது அண்ணாச்சி என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பணக்காரர், நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் அவர் எந்தக் கருவியையும் தொடமாட்டார். திருகியவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

4

பேட்டரிக் கடைக்கு ஓடிப்போய், உப்பே இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து ஒரு சொட்டு விட்டேன். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது; இத்தனை நாளும் என் குழாய் உப்பைக் குறைத்தே காட்டியிருக்கிறது. மிதவை சொன்னதுதான் சரி. இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் தொட்டி சரியாகிவிடும்.

வீட்டில் இருந்ததோ மூன்று குடம். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீருக்கு இன்னும் நான்கு நாள். சொல்லிவைத்த தண்ணீர் லாரியும் வரவில்லை.

மதினி அதில் இரண்டு குடத்தைத் தூக்கிவந்து தொட்டியருகே வைத்தார். "தம்பி, நீங்கதானே திருகுனது. நீங்களே சொல்லுங்க. ஊத்தட்டுமா?"

முடிவு ஒன்று: நான் உடனே சரி என்கிறேன், மீன் நிமிர்ந்து…

முடிவு இரண்டு: குடிக்கும் தண்ணீரை மீனுக்கா என்று அண்ணாச்சி சத்தம்…

இரண்டும் பொய். நான் சொன்னது இது: "பொறுங்க மதினி, இன்னொரு தடவ அளந்துக்கிடுவோம்." என் பைனாகுலர் தோற்றதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதமாட்டேன். இந்த வரி வரைக்கும் மீன் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. குடம் பக்கத்தில் இருக்கிறது. என்னிடம் கேட்காதீர்கள், நீங்கள் ஊற்றிவிடுங்கள்.